ஓஇஇ 85 சதவீதமாம்: நாற்பது மெஷின் ஷாப்புக்கு எம்இஎஸ் வாங்கலாமா?

கேள்வி, 6 ஆகஸ்ட் 2024

கோவையில் எங்களுக்கு மெஷினிங் ஷாப். உலோகத்தைக் கடையும் டர்னிங் சென்டரும், மில்லிங், துளையிடல் செய்யும் விஎம்சியுமாக நாற்பது மெஷின். பம்ப் பாகங்களும் ஆட்டோ காம்பொனென்ட்டும் ஓடுகிறது. போன வாரம் எம்இஎஸ், அதாவது மெஷின்கள் ஓடுவதைக் கண்காணித்துப் பதியும் ஷாப் மென்பொருள், விற்கிறவர் ஒருவர் வந்து டெமோ காட்டினார். எல்லா மெஷினையும் நெட்வொர்க்கில் இணைத்து, பெரிய டிவியில் லைவாக ஓஇஇ (மெஷின் நேரத்தில் எத்தனை சதவீதம் நல்ல பீஸாக மாறுகிறது என்ற கணக்கு) காட்டி, ஆறே மாதத்தில் 85 சதவீதத்துக்குக் கொண்டுபோகலாம் என்கிறார். அப்பா, "லாக்புக் இருக்கறப்ப இது எதுக்குடா தண்டச் செலவு" என்கிறார். எங்களிடம் கணக்கெழுதும் டேலி மட்டும்தான் இருக்கிறது. வாங்கலாமா, வேண்டாமா?

பதில், 6 ஆகஸ்ட், இரவு

வாங்கலாம். இப்போதே வேண்டாம், நாற்பதுக்கும் வேண்டாம். அதற்கு முன்னால் விற்க வந்தவரிடம் ஒன்று கேளுங்கள்: ஐடியல் சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு ஆக வேண்டிய நேரம், என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் எண்ணைப் போடப்போவது யார், பிறகு அதை மாற்றும் உரிமை யாருக்கு? பதில் சொல்லத் தடுமாறினால் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஏன் என்று நாளைக்கு எழுதுகிறேன். செகண்ட் ஷிஃப்ட் விடப்போகிறது, கேட்டில் நிற்கணும்.

7 ஆகஸ்ட்

கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். ஷிஃப்ட் 480 நிமிடம். சாப்பாடு, டீ எல்லாமாக 50 போனால் மெஷின் ஓட வேண்டிய நேரம் 430. அடுத்த பாகத்துக்கு மெஷினைத் தயார்படுத்தும் செட்டிங்குக்கு 45, வெட்டும் முனையான இன்செர்ட்டை மாற்ற 18, காஸ்டிங் (வார்ப்பு) வராமல் நின்றது 40. ஆக 103 நிமிடம் நின்று, 327 நிமிடம் ஓடியிருக்கிறது. அவைலபிலிட்டி 76 சதவீதம். ஒரு பீஸுக்கு இரண்டரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள், வந்தது 112 பீஸ். 280 நிமிடத்தில் முடிய வேண்டியது 327 எடுத்திருக்கிறது, பெர்ஃபாமன்ஸ் 85.6. நாலு பீஸ் ரிஜெக்ஷன், குவாலிட்டி 96.4. மூன்றையும் பெருக்கினால் 62.8. இதுதான் ஓஇஇ.

உண்மையில் மூன்றைப் பெருக்க வேண்டியதே இல்லை. நல்ல பீஸ் 108. அதை இரண்டரையால் பெருக்கி 430-ஆல் வகுத்தாலும் அதே 62.8 வரும். மூன்றாகப் பிரிப்பது எங்கே ஓட்டை என்று பார்க்கத்தானே தவிர, கணக்குக்கு அல்ல.

இப்போது வேடிக்கை. மாஸ்டரில், அதாவது மென்பொருளில் பதிந்துவைத்த ஐடியல் சைக்கிள் டைமில், இரண்டரை நிமிடத்தை அழித்துவிட்டு மூன்று என்று போடுங்கள். ஓஇஇ 75.3 ஆகிவிடும். மெஷின் ஒரு பீஸ்கூட அதிகமாகத் தரவில்லை. கஸ்டமருக்கு ஒரு டப்பாகூட அதிகமாகப் போகவில்லை. ஆனால் பன்னிரண்டரைப் புள்ளி ஏறிவிட்டது, டிவியில் சிவப்பு மஞ்சளாகிவிட்டது. விற்றவர் அடுத்த கம்பெனியில் போய் உங்கள் கிராஃபைக் காட்டுவார்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மூன்று நிமிடம் என்று போட்டால் பெர்ஃபாமன்ஸ் 102.8 வரும். நூறைத் தாண்டிய பெர்ஃபாமன்ஸ் என்றாலே மாஸ்டர் எண் பொய். இதற்காகவே சில மென்பொருளில் நூறுக்கு மேலே போனால் நூறாக வெட்டிக் காட்டும்படி செட் பண்ணி வைத்திருப்பார்கள். டெமோவில் அது ஆனா, ஆஃபா என்று பாருங்கள்.

7 ஆகஸ்ட், மாலை

அந்த 85 எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார்கள். செய்இச்சி நகஜிமா என்ற ஜப்பான்காரர், எல்லோரும் சேர்ந்து மெஷினைப் பராமரிக்கும் டிபிஎம் முறையை வளர்த்தவர். 1971-ல் நிப்பான்டென்சோ கம்பெனி, அதாவது இன்றைய டென்சோ, பராமரிப்புக்கான பரிசு வாங்கியதில் இருந்து டிபிஎம் பரவத் தொடங்கியது. அவைலபிலிட்டி 90-க்கு மேல், பெர்ஃபாமன்ஸ் 95-க்கு மேல், குவாலிட்டி 99-க்கு மேல் என்று அவர் வைத்தார். பெருக்கிப் பாருங்கள், 85-க்குப் பக்கத்தில் வரும். அந்தப் பரிசு வாங்கும் அளவுக்கு உழைத்த ஆலைகளுக்கான எண் அது. ஒரே பாகத்தை வாரக்கணக்கில் ஓட்டுகிற லைனுக்குப் பொருந்தும். ஒரே நாளில் மூன்று செட்டிங் போடுகிற ஜாப் ஒர்க் ஷாப்பை அந்த எண்ணோடு ஒப்பிட்டால் சூப்பர்வைசருக்கு ரத்தக்கொதிப்புதான் வரும்.

நம் பக்கத்திலேயே பாருங்கள். சென்னை பாடியில் இருக்கும் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல், தர நிர்வாகத்துக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதை முதலில் வாங்கியவர்கள் அவர்கள். 2002-ல் டிவிஎஸ் மோட்டார் வாங்கியது. இன்றைக்கு உங்களுக்குக் காட்டுகிற கிளவுட் டாஷ்போர்டு எதுவும் 1998-ல் கிடையாது.

8 ஆகஸ்ட்

"டெமிங் பரிசு தர நிர்வாகமான டிக்யூஎம்முக்கு, டிபிஎம்முக்கு அல்ல" என்று ஒருவர் பிடித்திருக்கிறார். ஆமாம், இரண்டும் வேறு வேறு பரிசுதான். டிவி மாட்டாமலும் ஆலை தேறும் என்பதற்காகச் சொன்னேன். வாதம் நிற்கிறது.

10 ஆகஸ்ட்

அப்பாவின் லாக்புக்குக்கு வருவோம். அப்பா சொல்வதில் பாதி சரி. லாக்புக்கில் எல்லாம் இருக்கும், ஒன்றைத் தவிர: நேரம். ஷிஃப்ட் முடிய பத்து நிமிடம் இருக்கும்போது எட்டு மணி நேரத்தையும் சேர்த்து எழுதுவார்கள். முதல் மணி 14, இரண்டாம் மணி 14, மூன்றாம் மணி 14 என்று வரிசையாக இருக்கும். கையெழுத்தும் ஒரே மூச்சில் எழுதியதாக இருக்கும். பேனா மை கூட மாறாது. இன்செர்ட் உடைந்து நின்ற 18 நிமிடம் அந்த 14-களுக்குள் எங்கேயோ கரைந்துவிடும்.

யாரும் ஏமாற்றுவதற்காக இப்படிச் செய்வதில்லை. மெஷின் நிற்கிறபோது ஆபரேட்டர் கை முழுக்க கூலன்ட். அவர் மெஷினைப் பார்ப்பாரா, நோட்டை எடுப்பாரா? மெஷின் எப்போது நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதை மெஷினே சொல்லிவிட்டால் அந்த வேலை போயிற்று. எம்இஎஸ்ஸின் நிஜமான லாபம் இது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதெல்லாம் அதற்கு மேலே போட்ட பந்தல்.

ஆனால் ஏன் நின்றது என்பதை மெஷின் சொல்லாது.

11 ஆகஸ்ட்

ஞாயிற்றுக்கிழமை, மெஷின் சத்தம் இல்லை. நேற்று கடைசியில் விட்டதைத் தொடர்கிறேன்.

காரணப் பட்டியல். மெஷின் பக்கத்தில் ஒரு டேப்லெட் மாட்டியிருப்பார்கள். நின்றதும் "ஏன்?" என்று கேட்கும். விற்பவர்கள் கொடுக்கிற பட்டியலில் அறுபது, எழுபது காரணம் இருக்கும். ஆபரேட்டர் எதைத் தொடுவார்? முதலில் இருப்பதை. இல்லாவிட்டால் கடைசியில் இருக்கும் "மற்றவை"யை. நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் மாத அறிக்கையில் தலைமைக் காரணமே "மற்றவை"தான். அதற்கு, காரணங்களைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தும் பேரட்டோ சார்ட் வேறு கலர் கலராகப் போட்டு மீட்டிங்கில் காட்டினார்கள். எம்.டி. சார்ட்டைப் பார்த்துவிட்டு, "மற்றவையை யார் சரி பண்ணப் போறது?" என்றார். எவரும் வாய் திறக்கவில்லை.

பட்டியல் எட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஒவ்வொரு காரணத்துக்கும் எதிரே ஒரு ஆள் இருக்க வேண்டும். "காஸ்டிங் இல்லை" என்றால் ஸ்டோர்ஸ். "இன்செர்ட்" என்றால் டூல் ரூம். "இன்ஸ்பெக்ஷனுக்குக் காத்திருப்பு" என்றால் குவாலிட்டி. ஆள் இல்லாத காரணத்தைப் பட்டியலில் போடாதீர்கள். ஆபரேட்டர் பட்டனைத் தொட்டு பத்து நிமிடத்துக்குள் அந்த ஆள் மெஷின் பக்கம் வந்து நின்றால், அடுத்த முறை ஆபரேட்டர் சரியான பட்டனைத் தொடுவார். வராவிட்டால் ஒரே வாரத்தில் "மற்றவை"க்குப் போய்விடுவார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

இன்னொன்று. பட்டியலில் "மெயின்டனன்ஸ்" என்று பொதுவாக ஒன்று இருந்தால், ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி கதைதான். எல்லாம் அங்கே போய் விழும். ஸ்பிண்டில், ஹைட்ராலிக், கூலன்ட் பம்ப், மின்சாரம் என்று அதையாவது பிரித்துப் போடுங்கள்.

14 ஆகஸ்ட்

இணைப்பு எப்படி என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். சுருக்கமாக.

மெஷினை இயக்குவது ஈதர்நெட் போர்ட் இருக்கும் ஃபானுக் கன்ட்ரோல் என்றால் ஃபோகாஸ் என்ற அவர்களுடைய லைப்ரரி மூலம் ஓடுகிறதா, அலாரமா, எந்த புரோகிராம், ஃபீட் ஓவர்ரைடு (புரோகிராமில் உள்ள நகரும் வேகத்தில் எத்தனை சதவீதத்தில் ஓட்டுகிறார்) எவ்வளவு என்பது வரை படிக்கலாம். ஓவர்ரைடைக் கட்டாயம் படியுங்கள். ஆபரேட்டர் 70-ல் வைத்து ஓட்டிக்கொண்டிருப்பார். கேட்டால், "நூறுல வெச்சா சாட்டர் வருதுங்க" என்பார், வெட்டும்போது அதிர்கிறதாம். பல நேரம் அவர் சொல்வது சரியாகவும் இருக்கும், அப்போது பார்க்க வேண்டியது பாகத்தைப் பிடித்திருக்கும் ஃபிக்சரைத்தான். சீமென்ஸ் கன்ட்ரோலுக்கும் புதிய மெஷின்களுக்கும், மெஷின் தகவலைப் பொதுவான முறையில் தரும் ஓபிசி யூஏ இருக்கலாம், அதற்குத் தனியாக லைசென்ஸ் காசு கேட்கிறார்களா என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பழைய மெஷினுக்கு, ஓடுகிறதா, நிற்கிறதா என்று காட்டும் டவர் லேம்ப் போதும். பச்சை விளக்குக்குப் போகிற ஒயரில் ஒரு ரிலே, அதிலிருந்து ஒரு சின்னப் பெட்டி. அவ்வளவுதான். ஓடுகிறது, நிற்கிறது என்ற இரண்டு மட்டும் தெரியும். அது தெரிந்தாலே இன்றைக்கு உங்களிடம் இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பீஸ் எண்ணுவதில்தான் கோளாறு. புரோகிராம் முடிந்தது என்னும் எம்30 கட்டளை வந்தால் கவுன்ட் ஒன்று ஏறும். காலையில் வார்ம்அப் புரோகிராம் ஓட்டினாலும் ஏறும். டிரை ரன் ஓட்டினாலும் ஏறும். ஃபிக்சரில் நாலு பீஸ் கட்டியிருந்தால் ஒரு எம்30-க்கு நாலு பீஸ், ஆனால் ஒரு கிளாம்ப் உடைந்து மூன்று மட்டும் கட்டி ஓட்டுகிற அன்றைக்கு? மென்பொருள் நாலு என்றே எண்ணும். சாயங்காலம் கிரேட்டில் எண்ணினால் குறையும். ஸ்டோர்ஸுக்கும் புரொடக்ஷனுக்கும் சண்டை. ஆகவே பீஸ் கணக்கை மெஷினிடம் கேட்காமல், இன்ஸ்பெக்ஷன் மேஜையில் எண்ணுங்கள். மெஷினிடம் நேரத்தை மட்டும் கேளுங்கள்.

15 ஆகஸ்ட்

சுதந்திர தினத்தன்று ஒரு மெஷினுக்கு டாஷ்போர்டில் பச்சை எரிகிறது என்று ஒருவர் படம் போட்டிருக்கிறார். கேட் பூட்டியிருக்கிறதாம். வார்ம்அப்பை லூப்பில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள் போல. அவைலபிலிட்டி நூறு. நகஜிமாவே வணங்கியிருப்பார்.

20 ஆகஸ்ட்

6-ம் தேதி "நாற்பதுக்கும் வேண்டாம்" என்று எழுதியதைக் கொஞ்சம் பிரித்துச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தால், பச்சை விளக்கு சிக்னலை நாற்பதிலிருந்தும் எடுப்பதில் கெடுதல் இல்லை, செலவும் பெரிதாக ஆகாது. வேண்டாம் என்பது நாற்பது மெஷினுக்கும் ஓஇஇ இலக்கு வைத்து, நாற்பதையும் ஒரே டிவியில் சிவப்பு, பச்சை காட்டுவதை.

ஏனென்றால் உங்கள் ஷாப்பில் எல்லா மெஷினும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இஸ்ரேலைச் சேர்ந்த இயற்பியல்காரர் எலியாஹு கோல்ட்ராட் இதைத்தான் காலமெல்லாம் சொன்னார். அவர் ஆரம்பித்ததே ஒரு ஷெட்யூலிங் மென்பொருளில்தான், ஓபிடி என்று பெயர். பிறகு மென்பொருளை விட்டு, பாட்டில்நெக் எது என்று பார்க்கச் சொல்லித் தருவதையே தொழிலாக்கிக்கொண்டார். அவர் கருத்து இது: எந்த மெஷின் மொத்த ஓட்டத்தையும் பிடித்து நிறுத்துகிறதோ, அதில் போன ஒரு மணி நேரம் கம்பெனிக்கே போன ஒரு மணி நேரம். மற்ற மெஷினில் மிச்சம் பிடித்த ஒரு மணி நேரத்துக்கு மதிப்பு இல்லை.

எங்கள் ஷாப்பில் அது ஒரு நாலு ஆக்ஸிஸ் ஹெச்எம்சி, அதாவது ஸ்பிண்டில் படுக்கைவாக்கில் உள்ள மெஷினிங் சென்டர். அதற்கு முன்னால் உள்ள டர்னிங் சென்டர்களுக்கு எல்லாம் ஓஇஇ இலக்கு வைத்திருந்தார்கள். அவர்களும் இலக்கை எட்ட அடித்து ஓட்டினார்கள். விளைவு? ஹெச்எம்சிக்கு முன்னால் டிராலி நிற்க இடமில்லை, வழியெல்லாம் கிரேட். டிவியில் பச்சை, தரையில் துரு. டர்னிங் இலக்கை எடுத்துவிட்டு, ஹெச்எம்சியில் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்று ஆள் போட்டார்கள். கஸ்டமர் போன் குறைந்தது. இதற்கு மென்பொருள் வேண்டுமா? டிராலி எங்கே குவிகிறது என்று காலையில் ஒரு நடை நடந்தால் தெரிந்துவிடும். அந்த ஹெச்எம்சி ஒரு நாளில் எத்தனை முறை நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் மென்பொருள் வேண்டும்.

எனவே எங்கே தொடங்க வேண்டும் என்றால், பாட்டில்நெக் மெஷினும் அதன் இரண்டு பக்கமும். மூன்று மெஷின். முதல் காலாண்டுக்கு அது போதும்.

21 ஆகஸ்ட்

"செட்டிங் 45 நிமிடத்தை மென்பொருள் குறைக்குமா?" குறைக்காது. 45 என்று சொல்லும், அவ்வளவுதான். அந்த 45-ல் ஸ்பேனர் தேட எவ்வளவு, காலிப்பர் வாங்க குவாலிட்டி ரூமுக்கு நடக்க எவ்வளவு என்று தெரிய, போனில் வீடியோ எடுத்து ஆபரேட்டரையும் செட்டரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். 1969-ல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரெஸ் ஒன்றில் டை மாற்ற நாலு மணி நேரம் ஆகிக்கொண்டிருந்தது. ஷிகியோ ஷிங்கோ அதை முதலில் ஒன்றரை மணி நேரத்துக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டுவந்தார். மெஷின் நின்ற பிறகு செய்யும் வேலையில் எதையெல்லாம் ஓடும்போதே செய்துவைக்கலாம் என்று பிரித்ததுதான் அங்கே நடந்தது.

29 ஆகஸ்ட்

இன்றைக்கு ஒரு ஆண்டு நிறைவு. போன வருடம் இதே நாள், 29 ஆகஸ்ட் 2023, ஜப்பானில் டொயோட்டாவின் 14 அசெம்பிளி ஆலைகளும் நின்றன. சைபர் தாக்குதல் என்று உலகமே பேசியது. கடைசியில் காரணம் என்ன தெரியுமா? பாகங்களை ஆர்டர் போடும் சிஸ்டத்தின் சர்வரில் பராமரிப்பு வேலை நடந்தபோது டிஸ்கில் இடம் இல்லாமல் போய்விட்டது. பேக்கப்பும் அதே சிஸ்டத்தில் ஓடியதால் அதற்கும் மாற முடியவில்லை.

டொயோட்டாவுக்கே டிஸ்க் நிறைகிறது. உங்கள் சர்வர் எங்கே இருக்கிறது? ஆபீஸ் பூஜை அலமாரிக்குக் கீழே இருக்கிறதா?

இதோடு சேர்த்து, கரண்ட் போனால் என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேளுங்கள். 2012 வாக்கில், மின்வெட்டுக் காலத்தில், கோவையில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வி தானாகவே வரும். ஜென்செட் எடுப்பதற்குள் மெஷின் பக்கத்துப் பெட்டி, ஸ்விட்ச், ரவுட்டர் எல்லாம் ஒருமுறை அணைந்து எழும். அந்த இடைவெளியில் வந்த டேட்டாவை பெட்டியே சேமித்து வைத்திருந்து பிறகு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் டாஷ்போர்டில் மெஷின் நின்றதா, நெட் நின்றதா என்று தெரியாது. டெமோ நடக்கும்போதே லேன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

4 செப்டம்பர்

"முதலில் ஈஆர்பியா, எம்இஎஸ்ஸா?" என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஈஆர்பி என்பது ஆர்டர், சரக்கு, கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாக நடத்தும் மென்பொருள். டேலி மட்டும் வைத்திருப்பவருக்கு இரண்டும் இல்லை. முதலில் ரூட்டிங். எந்தப் பாகம், எந்த மெஷினில், எந்த வரிசையில், எவ்வளவு நேரம் என்பது எழுத்தில் இருக்கிறதா? பெரும்பாலும் அது செட்டரின் தலைக்குள்தான் இருக்கும். அவர் பெண் கல்யாணத்துக்கு லீவு போட்டால் தெரியும்.

ஈஆர்பியின் மூலக்கரு எம்ஆர்பி. டப்பா மேல் இருக்கும் விலை அல்ல, பொருள் தேவையைத் திட்டமிடும் முறை. 1960-களில் ஐபிஎம்மில் இருந்த ஜோசப் ஆர்லிக்கி அமைத்த கணக்கு. இத்தனை பம்ப் வேண்டுமென்றால் இத்தனை இம்பெல்லர், இத்தனை ஷாஃப்ட், இன்ன தேதிக்கு என்று பின்னோக்கி விரித்துக்கொண்டே போகும். நல்ல கணக்கு. ஆனால் உங்களிடம் எத்தனை மெஷின் இருக்கிறது என்பது அதற்குக் கவலை இல்லை. ஒரே திங்கட்கிழமையில் ஒரே விஎம்சிக்கு மூன்று நாள் வேலையைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும். லீட் டைம், அதாவது செய்து முடிக்க ஆகும் காலம், பத்து நாள் என்று மாஸ்டரில் போட்டிருந்தால் ஷாப் காலியாக இருந்தாலும் பத்து நாள், நெருக்கியடித்தாலும் பத்து நாள்.

டெலிவரி தேதி சொல்ல ஈஆர்பி இல்லாமலே ஒரு வழி உண்டு. 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த விதி. உள்ளே கிடக்கும் பீஸை ஒரு நாளில் வெளியே போகும் பீஸால் வகுத்தால் காத்திருக்கும் நாள் வரும். ஷாப்புக்குள் 1,200 பீஸ், நாளுக்கு 150 வெளியே போகிறது என்றால் எட்டு நாள். இன்றைக்கு உள்ளே போடுகிற காஸ்டிங் சராசரியாக எட்டு நாள் கழித்துத்தான் வெளியே வரும். கஸ்டமரிடம் "நாளன்னிக்கு அனுப்பறேங்" என்று சொல்லும் முன் இதை ஒருமுறை வகுத்துப் பாருங்கள். நாலு நாளாக்க வேண்டுமென்றால் உள்ளே 600-க்கு மேல் போடாதீர்கள். டொயோட்டாவின் கான்பான் அட்டையும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது: அட்டை இல்லாவிட்டால் உள்ளே போடக்கூடாது.

காசு செலவழிக்காமல் பழக வேண்டுமென்றால் இஆர்பிநெக்ஸ்ட் இருக்கிறது. மும்பைக்காரர்கள் செய்தது, ஓப்பன் சோர்ஸ். ஒர்க் ஆர்டர், ஜாப் கார்டு, மெஷின் நின்ற நேரம் எழுத ஒரு படிவம் எல்லாம் அதில் உண்டு. சும்மா கிடைக்கிறது என்பதால் சுலபம் என்று நினைக்க வேண்டாம். அதை நிறுவிப் பராமரிக்க ஒரு பையன் வேண்டும், அந்தப் பையன் பெங்களூருக்குப் போய்விடுவான்.

5 செப்டம்பர்

பெங்களூர் பையன்கள் சங்கம் சார்பில் கண்டனம் வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டேன். சென்னைக்கும் போவார்கள்.

12 செப்டம்பர்

டேப் திரையில் என்ன மொழி என்பதை யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆச்சரியம். இன்றைக்கு கோவை ஷாப்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்கள் எத்தனை பேர்! டெமோவில் வருவது ஆங்கிலம். சொன்னால் தமிழும் போட்டுக் கொடுப்பார்கள். நைட் ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்பவருக்கு இரண்டும் படிக்க வராது. படம் போடுங்கள். இன்செர்ட் படம், காலி கிரேட் படம், வெர்னியர் படம். எட்டுக் காரணத்துக்கு எட்டுப் படம், நாலு மொழிக்கும் ஒரே திரை. பட்டியல் எட்டுக்குள் இருக்க வேண்டும் என்று ஆகஸ்டில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதைவிட முக்கியம், இந்த எண்களை எதற்குப் பயன்படுத்துவோம், எதற்குப் பயன்படுத்த மாட்டோம் என்று முதல் நாளே ஷிஃப்ட் மீட்டிங்கில் சொல்வது. சம்பளம் பிடிக்க, மெமோ கொடுக்க இதைத் தொட்டீர்களா, முடிந்தது. டவர் லேம்ப் ஒயர் தானாகக் கழன்றுகொள்ளும். கட்டை விரல் நீளத் துணி ஒன்று சென்சார் மேல் வந்து உட்காரும். இதையெல்லாம் நான் பார்த்திருக்கிறேன். ஆபரேட்டர்களுக்கு நம்மைவிட அந்த மெஷின் தெரியும். அந்த அறிவை அவர்கள் எந்தப் பக்கம் செலவழிக்க வேண்டும் என்பது நம் கையில்தான் இருக்கிறது.

இன்சென்டிவ் கொடுக்கலாமா என்றால், ஓஇஇக்குக் கொடுக்காதீர்கள். நல்ல பீஸுக்குக் கொடுங்கள், அதுவும் ஷிஃப்ட் முழுவதற்கும் சேர்த்து. தனி மெஷினுக்குக் கொடுத்தால் லாங் ரன் ஜாபுக்கு அடிதடி நடக்கும். செட்டிங் அதிகமுள்ள ஜாப் புதுப் பையன் தலையில் விழும்.

27 செப்டம்பர்

கேள்வி கேட்டவர் தனியாக எழுதியிருந்தார். விற்பவர், "ஆயுத பூஜைக்கு நல்ல நாள் பார்த்து கோ லைவ் பண்ணிடலாம்" என்கிறாராம். பூஜை அக்டோபர் 11, தீபாவளி 31. நடுவில் போனஸ், ஊருக்குப் போகிற கூட்டம், கஸ்டமர் லீவுக்கு முன் ஸ்டாக் கேட்கும் நெருக்கடி.

ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999-ல் என்ன செய்தது? பெரிய ஈஆர்பியையும் கூடவே வேறு இரண்டு சிஸ்டத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஜூலையில் ஓட விட்டது. அமெரிக்காவில் ஹாலோவீன் அக்டோபர் கடைசி. சாக்லேட்டுக்கு அதுதான் தீபாவளி. கிடங்கில் சரக்கு இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை அனுப்ப முடியாமல் போனது. கம்பெனி பெரியது, தாங்கிக்கொண்டது. நம்முடைய ஒரு ஆட்டோ கஸ்டமர் லைன் நின்றால் வரும் டெபிட் நோட்டை நினைத்துப் பாருங்கள்.

பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வையுங்கள், சுண்டல் கொடுங்கள். சாஃப்ட்வேருக்கு ஜனவரி.

15 அக்டோபர்

சுண்டல் சாப்பிட்டாயிற்று. ஹெச்எம்சிக்கு வைத்த சந்தனம் கூலன்ட்டில் கலந்து ஃபில்டர் அடைத்துக்கொண்டது. நின்ற காரணம்: "மற்றவை".

18 நவம்பர்

கேள்வி கேட்டவர் மூன்று மெஷினில் பேப்பரும் பச்சை விளக்குப் பெட்டியும் வைத்துப் பார்த்திருக்கிறார். அவருடைய பாட்டில்நெக் மெஷின் நிற்பதில் பெரும்பகுதி ஃபர்ஸ்ட் ஆஃப் இன்ஸ்பெக்ஷனுக்கு, அதாவது செட்டிங் முடிந்து வரும் முதல் பீஸின் சோதனைக்குக் காத்திருப்பதாம். பாகத்தை அளக்கும் சிஎம்எம் ரூமில் ஒரே ஆள், அவரும் ஜெனரல் ஷிஃப்ட் மட்டும். இரவு செட்டிங் முடிந்தால் காலை ஒன்பது வரை மெஷின் சும்மா நிற்கிறது. லாக்புக்கில் அது "செட்டிங்" என்று இருந்திருக்கிறது. இப்போது நைட் ஷிஃப்டுக்கு ஒரு இன்ஸ்பெக்டரைத் தேடுகிறார்கள். அப்பா ஆளுக்குச் சம்பளம் கொடுக்க உடனே ஒப்புக்கொண்டாராம். சாஃப்ட்வேருக்கு இன்னும் இல்லை.

19 நவம்பர்

ஒப்பந்தம் போடும்போது என்னென்ன எழுதி வாங்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நினைவுக்கு வந்த வரிசையில்: நம் டேட்டா முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் எக்செலில் நாமே எடுத்துக்கொள்ள முடியவேண்டும், அவர்களிடம் கேட்டு அல்ல. சைக்கிள் டைம் மாற்றினால் யார், எப்போது, பழைய எண் என்ன என்று பதிவு இருக்க வேண்டும். சி ஷிஃப்ட் இரவு பத்துக்குத் தொடங்கி காலை ஆறுக்கு முடிகிறது, அந்த உற்பத்தி முழுவதும் தொடங்கிய தேதிக்கே போக வேண்டும். நள்ளிரவில் இரண்டாக வெட்டுகிற மென்பொருளை வாங்கினால் அக்கவுண்ட்ஸ் அக்கா உங்களை விடமாட்டார். மெஷினுக்கு இவ்வளவு என்று வருடச் சந்தா கேட்டால், மெஷினை விற்றால் சந்தா குறையுமா என்று கேளுங்கள். மாட்டுகிற பெட்டி உடைந்தால் அதை கோவையிலேயே யார் வந்து மாற்றுவார், எத்தனை மணி நேரத்தில் என்பதையும் போன் நம்பரோடு எழுதி வாங்குங்கள்.